மருந்தைப் பற்றிக் கேட்பது குற்றமல்ல

பிள்ளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறது. டாக்டர் ஒரு மருந்தை எழுதுகிறார். "இந்த மருந்தில் ஆபத்து உண்டு, ஆனாலும் கொடுத்தாக வேண்டும்" என்கிறார். பெற்ற தாயும் தகப்பனும் தயங்குகிறார்கள். சில வேளைகளில் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள். இந்த நிலைமையில் யார் பேச்சு செல்ல வேண்டும்? டாக்டர் படித்தவர் என்பதால் பெற்றோர் வாய்மூடி இருக்க வேண்டுமா? பெற்றவர்கள் என்பதால் அவர்கள் சொன்னதே முடிவாகிவிட வேண்டுமா? இவ்விரண்டு கேள்விகளையும் இந்த வாரம் நம் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

தோட்டத் தொழிலாளர் பத்திரிகைக்கும் ஆஸ்பத்திரி மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் உண்டு. தோட்டத்து மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிழைப்பைத் தேடித் தோட்டங்களைவிட்டு வெளியேறி வெகுகாலம் ஆகிவிட்டது. ஜொகூரில் பால் வெட்டியவரின் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். அவன் பிள்ளை அங்கே பள்ளிக்கூடம் போகிறது. எங்கே போனாலும் நம் மக்களோடு கூடவே போகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. வெள்ளைச் சட்டை போட்டவர் எதிரில் நின்றால் நமக்கு நா எழுவதில்லை. அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் பேசுகிறோம்.

அது எங்கிருந்து வந்தது? நம் மூத்தவர்களுக்குத் தெரியும். மலேரியாக் காய்ச்சல் தோட்டங்களைச் சூறையாடிய காலத்தில், விடியற்காலைப் பெரட்டில் ஆள்களை வரிசையாக நிறுத்திக் கொய்னா கொடுத்தார்கள். என்ன மருந்து, எதற்கு, எவ்வளவு என்று கேட்பவர் இல்லை. காது இரைந்தால் இரையட்டும், தலை சுற்றினால் சுற்றட்டும், வேலைக்குப் போக வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் கொடுத்ததைக் குடித்தார்கள். குடிக்காதவனைக் கங்காணி அதட்டினான். அந்தக் கொய்னாவால் உயிர் பிழைத்தவர்கள் ஏராளம் என்பதை நாம் மறுக்கவில்லை. 1901-ம் ஆண்டில் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டி, காட்டைத் திருத்தி, கொசுவை ஒழிக்கப் பாடுபட்டதையும் நாம் மறக்கவில்லை. ஆனால் மருந்து நல்லதாக இருந்தாலும் அதைக் கொடுத்த முறை அடிமைக்குக் கொடுத்த முறை. மருந்து என்றால் கேட்காமல் விழுங்குவது என்கிற பாடம் அப்படித்தான் நம் எலும்பில் ஏறியது.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். சிங்கப்பூரில் காத்தோங் வட்டாரத்தை எடுத்துக் கொள்வோம். ஒரு காலத்தில் தென்னந்தோப்பும் கடற்கரையுமாக இருந்த இடம். சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் ஆலயம் இருப்பது அங்கேதான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்கள் அந்தக் கோயிலைச் சுற்றி நெடுங்காலமாக வாழ்ந்து வந்திருக்கிறார்கள். தோட்டங்களில் கிராணியாகவும் டிரெசராகவும் இருந்தவர்களில் அவர்கள் இனத்தார் பலர். இன்று காத்தோங்கில் பல இன மக்களோடு கலந்து நம்மவர்களும் வசிக்கிறார்கள்.

அப்படி வசிக்கும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஐந்து வயதுப் பையனுக்குக் காக்காய் வலிப்பு. தேக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்டாங் கெர்பாவ் பெண்கள், சிறுவர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். டாக்டர் 'கார்பமஸெபின்' என்ற மருந்தைப் பற்றிப் பேசுகிறார். தகப்பன் யாரிடமோ விசாரித்து, அந்த மருந்தினால் சிலருக்கு உடம்பெல்லாம் தோல் வெந்ததுபோல் உரிந்து உயிருக்கே ஆபத்து வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்கிறான். பயந்து போகிறான். "என் பிள்ளைக்கு இது வேண்டாம்" என்கிறான். இந்தத் தகப்பன் அறியாமையால் பேசுகிறானா?

இல்லை. அவன் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 2004-ம் ஆண்டில் தைவான் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். தோல் உரியும் அந்தக் கொடிய வியாதி எல்லாருக்கும் வருவதில்லை; பிறப்பிலேயே குறிப்பிட்ட ஒரு மரபுக்கூறு உள்ளவர்களைத்தான் பெரும்பாலும் தாக்குகிறது. ஆசிய மக்களிடையே, அதிலும் சீனர், மலாய்க்காரரிடையே, அந்தக் கூறு அதிகம். இந்தியரிடையே குறைவு, ஆனால் இல்லாமலில்லை. இரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும். 2007-ம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க அரசாங்கம் இதைப்பற்றி எச்சரித்தது. 2013-ம் ஆண்டில் சிங்கப்பூர் சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும் சேர்ந்து, ஆசிய வம்சத்தவருக்குப் புதிதாக அந்த மருந்தைத் தொடங்குமுன் இந்தச் சோதனையைச் செய்வதே முறையான சிகிச்சை என்று டாக்டர்களுக்கு அறிவித்தன. அதன் பிறகு சிங்கப்பூரில் அந்த மருந்தினால் தோல் உரிந்து அவதிப்பட்டவர்களின் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆகவே அந்தத் தகப்பன் சொல்ல வேண்டியது "வேண்டாம்" என்ற ஒரு சொல் அல்ல. "சோதனை செய்தீர்களா? முடிவு என்ன?" என்று கேட்க வேண்டும். டாக்டரும் "பயப்படாதீர்கள்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடக் கூடாது. "சோதித்தோம், அந்தக் கூறு இல்லை, ஆகவே கொடுக்கலாம்" என்றோ, "இருக்கிறது, ஆகவே வேறு மருந்து கொடுப்போம்" என்றோ விளக்கிச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு கேள்வியும் ஒரே ஒரு பதிலும் போதும். பெரும் சச்சரவாக முடியக்கூடிய விஷயம் சுமுகமாக முடிந்துவிடும்.

நம் சரித்திரத்திலிருந்தே இன்னோர் உதாரணம் சொல்கிறோம். 1948-ம் ஆண்டில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில், 'குளோரம்பெனிகால்' என்ற புதிய மருந்தை அமெரிக்க டாக்டர்கள் சோதித்துப் பார்த்தார்கள். காட்டிலும் தோட்டத்திலும் வேலை செய்பவர்களைச் சிற்றுண்ணி கடித்துப் பரவிய ஒருவகைக் காய்ச்சலுக்காக அந்தச் சோதனை நடந்தது. அந்தக் காய்ச்சல் என்று எண்ணி மருந்து கொடுக்கப்பட்ட நோயாளிக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு என்று பின்னால் தெரிந்தது, அவரும் குணமடைந்தார். அதுவரை சரியான மருந்தில்லாத டைபாய்டுக்கு இப்படி மலாயா மண்ணில் தற்செயலாக மருந்து கிடைத்தது. உலகமே கொண்டாடியது. அடுத்த ஆண்டே அது அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தது.

பிறகு என்ன நடந்தது? டைபாய்டுக்கு வந்த மருந்தைத் தொண்டை வலிக்கும் சளிக்கும் அள்ளிக் கொடுத்தார்கள். பல பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு அந்த மருந்து எலும்பு மஜ்ஜையைக் கருக்கி, இரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும் என்பது மெல்ல மெல்லத்தான் தெரிய வந்தது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆல்ப் வாட்கின்ஸ் என்ற டாக்டர், இந்த மருந்தைச் சாப்பிட்ட தம் சிறு மகனை 1952-ம் ஆண்டில் அப்படித்தான் பறிகொடுத்தார். அவர் சும்மா இருக்கவில்லை. மருந்து உற்பத்தி செய்த கம்பெனிக்கு எழுதினார். அரசாங்க அதிகாரிகளைத் தேடி வாஷிங்டனுக்குப் போனார். மற்ற டாக்டர்களையும் எச்சரித்தார். அந்த ஆண்டிலேயே அரசாங்கம் விசாரணை நடத்தி, மருந்தின் மேல் எச்சரிக்கை அச்சடிக்கச் செய்தது. 1959-ம் ஆண்டில் இன்னோர் உண்மையும் வெளியாயிற்று. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு நோய் தொற்றாமல் இருக்கட்டும் என்று இந்த மருந்தைக் கொடுத்தபோது, அவர்களுடைய முற்றாத ஈரல் அதை வெளியேற்ற முடியாமல், உடல் சாம்பல் நிறமாகி அவர்கள் இறந்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மகனை இழந்த அந்தத் தகப்பனே ஒரு டாக்டர். அவருக்கே தெரியவில்லை என்றால், பால் மரம் வெட்டியவரின் மகன் கேட்டுத் தெரிந்துகொள்வதில் என்ன வெட்கம்? இரண்டு, இவ்வளவு ஆபத்து தெரிந்த பிறகும் அந்த மருந்தை உலகம் எறிந்துவிடவில்லை. மூளைக்காய்ச்சலில் துடிக்கும் குழந்தைக்கு வேறு மருந்து கிடைக்காத இடங்களில் அது உயிரைக் காத்திருக்கிறது. சளிக்குக் கொடுத்தால் அது அநியாயம். மூளைக்காய்ச்சலுக்குக் கொடுத்தால் அது தர்மம். மருந்து ஒன்றுதான், எந்த நோய்க்கு எதிராக அது நிறுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்து நியாயம் மாறுகிறது.

இந்த இடத்தில் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது நம் கடமை. மருந்தின் ஆபத்தைக் கணக்குப் பார்க்கிறவர்கள் நோயின் ஆபத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்துகளைப் போலக் கொடுமையானவை வேறில்லை. முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, மற்ற நோய்கள் சுலபமாகத் தொற்றுகின்றன. இதைப் பார்க்கும் தாய் "போதும், நிறுத்துங்கள்" என்று அழுவது இயற்கை. ஆனால் 1948-ம் ஆண்டுக்கு முன்னால் அந்த நோய் வந்த பிள்ளைகள் அநேகமாக எல்லாருமே சில மாதங்களில் இறந்தார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தில் உருவான மருந்தைக் கொண்டுதான், அந்த ஆண்டில் பாஸ்டன் நகரத்தில் டாக்டர் சிட்னி பார்பர் முதன்முதலாகச் சில பிள்ளைகளுக்கு அந்த நோயைத் தற்காலிகமாகவேனும் தணித்துக் காட்டினார். இன்று நல்ல வசதியுள்ள நாடுகளில், குழந்தைகளைப் பிடிக்கும் இரத்தப் புற்றுநோயில் முக்கியமான வகை, பத்துப் பிள்ளைகளில் எட்டுக்கு மேற்பட்டவர்களுக்குக் குணமாகிறது. அந்த மருந்தை மறுத்திருந்தால் அவர்கள் இல்லை.

அதே சமயம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மருந்தின் கொடுமையைக் கண்டு கலங்குவது தாய்க்கு மட்டும் உரிய பலவீனம் அல்ல. சிங்கப்பூர், மலேசியா இரு நாட்டு டாக்டர்களும் சேர்ந்து 'மா-ஸ்போர்' என்ற பெயரில் இந்த நோய்க்கு ஒரு சிகிச்சைத் திட்டம் வகுத்தார்கள். தொடக்கச் சிகிச்சையிலேயே நோயணுக்கள் நன்றாக மறைந்துவிட்ட பிள்ளைகளுக்கு மருந்தின் கடுமையைக் குறைத்துக் கொடுக்கலாமா என்று அதில் ஆராய்ந்தார்கள்; அப்படிக் குறைத்தும் நல்ல பலன் கண்டார்கள். ஆகவே "இவ்வளவு மருந்து தேவையா?" என்ற கேள்வி அறிவீனமான கேள்வி அல்ல. பெரிய டாக்டர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்ட கேள்வி அது. அவர்கள் கேட்கலாம், பெற்ற தாய் கேட்கக் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. நெடுங்காலம் சட்டம் டாக்டர் பக்கமே சாய்ந்திருந்தது. 1957-ம் ஆண்டில் இங்கிலாந்தில் போலம் என்பவரின் வழக்கு நடந்தது. மின்சாரச் சிகிச்சையில் அவருக்கு எலும்பு முறிந்தது. அப்படி ஓர் ஆபத்து உண்டு என்று யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. பொறுப்புள்ள மற்ற டாக்டர்களும் அப்படியே செய்வார்கள் என்றால் குற்றமில்லை என்ற விதி அந்த வழக்கில் பிறந்தது. எளிய தமிழில் சொன்னால், டாக்டர் செய்தது சரியா என்று டாக்டர்களையே கேட்பது. அந்த விதி நம் நாடுகளுக்கும் வந்தது. மூளையில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற பின் ஊனமுற்ற ஒரு தமிழ்ப் பெண்ணின் வழக்கில், 2002-ம் ஆண்டில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை உறுதி செய்து, அவருக்குக் கிடைத்திருந்த நஷ்ட ஈட்டுத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது.

பிறகு காற்று திசை மாறியது. மலேசியாவின் கூட்டரசு நீதிமன்றம், விபத்தில் கழுத்தெலும்பு பாதிக்கப்பட்டு, அறுவைக்குப் பின் நடக்க முடியாமல் போன ஒரு பெண்ணின் வழக்கில், ஆபத்தைத் தெரிவிக்கும் விஷயத்தில் பழைய விதி போதாது என்று தீர்ப்பளித்தது. 2015-ம் ஆண்டில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், பிரசவ ஆபத்தைத் தாயிடம் சொல்லாமல் விட்ட வழக்கில், நோயாளியின் நிலையில் இருப்பவர் எதைத் தெரிந்துகொள்ள விரும்புவாரோ அதைச் சொல்லியாக வேண்டும் என்றது. 2017-ம் ஆண்டில் சிங்கப்பூர் நீதிமன்றமும் பெரும்பாலும் அந்த வழிக்கு வந்தது. அதன்பின், டாக்டர்கள் வழக்குக்குப் பயந்து சிகிச்சையே செய்யத் தயங்குவார்கள் என்ற கவலை எழவே, 2020-ம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பாராளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. அது 2022-ம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து நடப்பில் இருக்கிறது. சக டாக்டர்களின் கருத்தே மீண்டும் அளவுகோல். ஆனால் அந்தக் கருத்து, நோயாளி ஆலோசித்து முடிவெடுக்க எந்த விவரம் தேவை என்பதைக் கவனத்தில் கொண்டதாக இருக்க வேண்டும் என்று சட்டமே நிபந்தனை போட்டிருக்கிறது. டாக்டர் தமக்குத் தோன்றியதைச் சொன்னால் போதும் என்ற காலம் போய்விட்டது.

சிறு பிள்ளை தானாகச் சம்மதம் சொல்ல முடியாது. அதற்காகப் பேசுகிறவர்கள் பெற்றோர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நோயில் கிடக்கும் பிள்ளைக்குப் பெற்றோர்தான் வாய். ஆனால் பெற்றோர் என்பதால் பிள்ளையின் உயிர் அவர்களுக்குச் சொந்தச் சொத்தாகிவிடாது. பெற்றோர் மறுக்கும் சிகிச்சை பிள்ளையின் உயிருக்கு அவசியம் என்று நீதிமன்றம் கருதினால், பிள்ளையின் நலனை முன்னிட்டு உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. இதுவும் நியாயமே. தகப்பனின் கோபத்துக்கும் பிள்ளையின் உயிருக்கும் போட்டி வந்தால் பிள்ளையின் உயிர்தான் வெல்ல வேண்டும்.

பேச்சு முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014-ம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்தது ஒரு பாடம். மூளைக் கட்டிக்கு அறுவை நடந்த ஐந்து வயதுச் சிறுவனுக்கு ஆஸ்பத்திரி சொன்ன கதிர்வீச்சு முறை வேண்டாம், பக்க விளைவு குறைந்த வேறு முறை வேண்டும் என்றார்கள் பெற்றோர். வாக்குவாதம் முற்றியது. ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிவிட்டார்கள். போலீஸ் துரத்தியது. ஸ்பெயினில் பெற்றோர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். பிள்ளை தாய் தகப்பன் முகம் காணாமல் அந்நிய ஆஸ்பத்திரியில் கிடந்தது. சில நாள்களில் அவர்கள் விடுதலையானார்கள். அவர்கள் கேட்ட சிகிச்சையைப் பிராக் நகரத்தில் செய்துகொள்ள நீதிமன்றமும் சம்மதித்தது. கடைசியில் நீதிமன்றத்தில் பேசித் தீர்ந்த விஷயத்தை முதலிலேயே ஆஸ்பத்திரியில் பேசித் தீர்த்திருக்கக் கூடாதா?

பெற்றோரின் பயத்தை அலட்சியம் செய்கிறவர்களுக்கு இன்னொன்றையும் ஞாபகப்படுத்துகிறோம். 2025-ம் ஆண்டில் தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தொழிற்சாலை ஒன்றில் செய்த இருமல் மருந்தில் விஷ இரசாயனம் கலந்திருந்தது. அதைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அது கலப்பட மருந்து, நாம் பேசிக்கொண்டிருப்பது ஆபத்து தெரிந்தே கொடுக்கும் நல்ல மருந்து, இரண்டும் வேறு. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்ட ஒரு தாய் மருந்துப் புட்டியைச் சந்தேகத்தோடு பார்த்தால் அவளைக் கேலி செய்யாதீர்கள். அவள் சந்தேகத்தைத் தீர்த்து வையுங்கள்.

கேள்வி கேட்பதால் உயிர் பிழைப்பது மட்டுமல்ல, நாட்டின் வழக்கமே மாறுகிறது. சிங்கப்பூரில் பிறந்த குழந்தைகள் பல கடும் மஞ்சள் காமாலையால் மூளை கெட்டு இறப்பது ஏன் என்று ஆராய்ந்தவர் டாக்டர் வோங் ஹாக் பூன். பிறப்பிலேயே இரத்தத்தில் ஒருவகைச் சத்து குறைந்திருப்பதே முக்கியமான காரணம் என்று அவர் கண்டார். 'ஜி-6-பி-டி' குறைவு என்று அதைச் சொல்கிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சில மருந்துகளும் துணிப்பெட்டியில் போடும் அந்துருண்டையும்கூட ஆகாது. இரத்தத்தின் சிவப்பு அணுக்கள் உடைந்துவிடும். மலேரியாவுக்குக் கொடுக்கும் 'பிரைமாக்குயின்' அந்த மருந்துகளில் ஒன்று. 1965-ம் ஆண்டு முதல் சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தை இதற்காகச் சோதிக்கிறார்கள். மலேசியாவிலும் இந்தச் சோதனை உண்டு. தோட்டத்திலே பெரட்டுக் களத்தில் நிறுத்தி எல்லாருக்கும் ஒரே மருந்து ஊற்றிய காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவனுக்கு அமிர்தமான மருந்து இன்னொருவனுக்கு விஷமாகலாம் என்று யார் அன்று எண்ணிப் பார்த்தார்கள்?

ஆகவே பெற்றோர்களுக்கு நாம் சொல்வது இதுதான். டாக்டரிடம் தைரியமாக, மரியாதையாகக் கேளுங்கள். பிள்ளைக்கு என்ன நோய், அது எவ்வளவு நிச்சயம்? இந்த மருந்து கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? கொடுத்தால் என்ன கெடுதி வரலாம், எத்தனை பேரில் ஒருவருக்கு வரும்? கெடுதி குறைந்த வேறு மருந்து உண்டா? முன்கூட்டிச் செய்ய வேண்டிய சோதனை உண்டா? என்ன அறிகுறி தெரிந்தால் உடனே தாதியைக் கூப்பிட வேண்டும்? இந்த ஆறு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பதிலையும் எழுதி வாங்குங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் இன்னொரு டாக்டரின் அபிப்பிராயம் வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் டாக்டரை அவமதிப்பது ஆகாது.

செய்யக் கூடாதவையும் உண்டு. முன்பு எந்த மருந்து பிள்ளைக்கு ஒவ்வாமல் போயிற்று என்பதையும், வீட்டில் கொடுத்த நாட்டு மருந்தையும் மறைக்காதீர்கள். தலையை ஆட்டிவிட்டு, தாதி திரும்பியதும் மாத்திரையைக் குப்பையில் போடாதீர்கள். வலிப்பு மருந்தைச் சொல்லாமல் நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாக வரக்கூடும். எதிர்ப்பு இருந்தால் வாய்திறந்து சொல்லுங்கள். நேருக்கு நேர் மறுப்பவன் பதிலுக்கு இடம் கொடுக்கிறான். ஒளித்து மறுப்பவன் பிள்ளையின் உயிரோடு சூதாடுகிறான். மருந்தினால் கெடுதி நேர்ந்துவிட்டால் விதி என்று விட்டுவிடாதீர்கள். அதைச் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள். மலேசியாவில் பொதுமக்களே நேரடியாகத் தெரிவிக்கவும் வழி உண்டு. உங்கள் பிள்ளைக்கு நேர்ந்ததைப் பதிவு செய்தால் அடுத்த வீட்டுப் பிள்ளை தப்பலாம்.

ஆஸ்பத்திரிகளை நடத்துகிறவர்களுக்கும் நம் கோரிக்கை உண்டு. சம்மதப் பத்திரத்தை ஆங்கிலத்தில் நீட்டி, "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்பது சம்மதம் வாங்குவது ஆகாது. தமிழ் சிங்கப்பூரின் ஆட்சிமொழிகளில் ஒன்று. தமிழ்த் தாய்க்குத் தமிழில் விளக்க ஆள் வேண்டும். அதுவும் வார்டு கூட்டுகிற அம்மாளையோ, பத்து வயது மகளையோ மொழிபெயர்க்கச் சொல்லாமல், மருத்துவச் சொற்கள் தெரிந்த ஒருவரை வைத்து விளக்க வேண்டும். மலேசிய ஆஸ்பத்திரிகளிலும் இது வேண்டும். உயிர் போகும் அவசரத்தில் நேரமில்லை என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அவசரமில்லாத வேளையில் முடிவெடுக்கப் பெற்றோருக்கு ஓர் இரவாவது கொடுங்கள். கேள்வி கேட்ட பெற்றோரைத் தொல்லை பிடித்தவர்கள் என்று முத்திரை குத்தாதீர்கள்.

டாக்டர்களின் சிரமம் நமக்குத் தெரியாமலில்லை. ஒரு வார்டில் எத்தனை பிள்ளைகள், எத்தனை இரவுகள் தூக்கமில்லை என்பதை உழைக்கிறவர்களாகிய நாம் அறிவோம். ஓய்வில்லாத டாக்டருக்கு விளக்கிச் சொல்ல நேரம் கிடைக்காது. ஆகவே டாக்டர்களுக்கும் தாதிகளுக்கும் நியாயமான வேலை நேரம் வேண்டும் என்று கேட்பதும் நம் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகக் கேட்பதே ஆகும்.

சங்கம் வருவதற்கு முன்னால், கூலி ஏன் குறைந்தது என்று துரையிடம் கேட்பதே குற்றமாக இருந்தது. கேட்டவனை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். கேட்கப் பழகினோம், ஒற்றுமையாகக் கேட்டோம், உட்கார்ந்து பேசும் வழக்கம் வந்தது. கேட்டதனால் எந்த மரமும் பட்டுப் போகவில்லை. டாக்டர் துரையல்ல, அவர் நம் பிள்ளையின் உயிரைக் காக்கப் பாடுபடுகிறவர். துரையிடமே கேட்கத் துணிந்த நாம் அவரிடம் கேட்க ஏன் அஞ்ச வேண்டும்? அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொரு தாயும் தகப்பனும் அந்த ஆறு கேள்விகளையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகட்டும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பதைக் கிளைச் செயலாளர்கள் தங்கள் கடமையாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.